வேலிக்கு வெளியே ஒரு துளை

பெட்ரோல் பங்க் ஒன்றின் மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆய்வு செய்யும் வேலை பழைய காகிதங்களில் தொடங்குகிறது. டேங்க் எந்த ஆண்டு புதைத்தது, இரும்புச் சுவர் ஒற்றையா இரட்டையா, குழாய்கள் எந்த வழியாகப் பம்புக்குப் போகின்றன, டிப் ராடு விட்டு அளந்த இருப்புக்கும் விற்பனைக் கணக்குக்கும் இடையே தொடர்ந்து துண்டு விழுந்ததா என்று பார்ப்போம். கசிவு என்றதும் டேங்கைத்தான் எல்லோரும் சந்தேகிக்கிறார்கள். குழாய் இணைப்புகளும், லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும் வாயைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் சிந்தியதும் அதே அளவு கெடுதல் செய்திருக்கும்.

காகிதத்தில் இல்லாதது ஆட்களிடம் இருக்கும். ஒரு தளத்தில் வெகுகாலம் வேலை பார்த்த பெரியவர் சொன்னார்: "தம்பி, இப்ப இருக்கிறது ரெண்டாவது டேங்க். மொதல்ல இருந்தது அந்தக் காத்து அடிக்கிற இடத்துக்குக் கீழ. தோண்டி எடுத்தாங்களா, அப்படியே மூடிட்டாங்களான்னு தெரியல." எங்களிடம் இருந்த எந்த வரைபடத்திலும் அந்த டேங்க் இல்லை. அங்கே போட்ட துளையில்தான் மண் சாம்பல் பூத்து, வாடையோடு மேலே வந்தது. அன்றிலிருந்து எந்தத் தளத்துக்குப் போனாலும் மூத்த ஊழியரிடம் பேசாமல் துளைக்கும் இடத்தைக் குறிப்பதில்லை.

மின்கம்பியோ எண்ணெய்க் குழாயோ குறுக்கே இருக்கலாம் என்பதால் முதல் ஒன்றரை மீட்டர் வரை கையால்தான் தோண்டுவோம். அதன்பின் இயந்திரம். மேலே வரும் மண்ணில் கொஞ்சம் எடுத்துப் பையில் கட்டி, சற்று நேரம் வைத்து, உள்ளே சேர்ந்த ஆவியை வாயு அளக்கும் கருவியால் பார்ப்போம். அந்த எண் தீர்ப்பு அல்ல. எந்த ஆழத்து மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று காட்டும் வழிகாட்டி மட்டுமே.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. மண்ணின் இடுக்குகள் வழியே இறங்கி, நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் பரவும். மழையில் நீர்மட்டம் ஏறி, வறட்சியில் இறங்க, எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி ஒரு பட்டை அளவுக்கு மண்ணில் அப்பிக்கொள்ளும். நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது அளந்தால் அந்த எண்ணெய் நீருக்குள் சிக்கியிருக்கும். நீரை அளக்கப் போட்ட கண்காணிப்புக் கிணற்றில் எண்ணெய் அடுக்கே தெரியாமல் போகலாம். ஒரு பருவத்தில் மட்டும் அளந்துவிட்டு "எண்ணெய் இல்லை" என்று எழுதும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

நிலத்தடி நீரோட்டத்தின் திசையை அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும், அவை ஒரே கோட்டில் இருக்கக்கூடாது. நான் சொன்ன அந்தத் தளத்தில் மூன்றின் நீர்மட்டத்தையும் அளந்து கணக்கிட்டபோது, நீர் பங்கின் பின்சுவரைத் தாண்டிக் குடியிருப்புப் பக்கம் போவது தெரிந்தது. எங்கள் ஒப்பந்தமோ எல்லைக்குள் மட்டும்தான். நிர்வாகத் தரப்பிலிருந்து வந்தவர், "வெளிய துளை போட்டா அக்கம்பக்கத்துல கேள்வி வரும் சார், உள்ளயே முடிச்சுடுங்க" என்றார். கேள்வி வரட்டும் என்பதுதான் என் பதில். எங்கே எவ்வளவு கலந்திருக்கிறது என்பதோடு, அது யாரிடம் போய்ச் சேருகிறது என்பதையும் சொல்லாத அறிக்கையில் என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். வாரக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் சம்மதித்தார்கள்.

வெளியே போட்ட கிணற்றில் எண்ணெய்ப் படலம் இல்லை, வாடையும் இல்லை. பார்த்தால் தெளிந்த தண்ணீர். பம்பை மெதுவாக ஓட்டி, வெப்பமும் உப்புத்தன்மையும் கரைந்த ஆக்சிஜனும் மாறாமல் நிலைக்கும்வரை காத்திருந்து, அமிலத்துளி இட்ட சிறு குப்பிகளில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நிரப்பிப் பனிப்பெட்டியில் அனுப்பினோம். குமிழி இருந்தால் நாம் தேடும் பொருளே அதற்குள் ஆவியாகிப் போய்விடும். முடிவில், பெட்ரோலில் உள்ள, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் வரம்புக்கு மேல் இருந்தது. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். தண்ணீரில் பென்சீனை மூக்கு உணர வேண்டுமானால் அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு வேண்டும். "வாடையே இல்லையே" என்ற சமாதானம் இந்த வேலையில் எதற்கும் உதவாது.

அதற்கும் அப்பால் ஒரு வீட்டுக் கிணறு. அதில் பென்சீன் இல்லை, ஆனால் எம்டிபிஇ இருந்தது. பெட்ரோலில் கலந்துவந்த இந்தச் சேர்மம் நீரில் நன்றாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்கள் அதை எளிதில் தின்பதும் இல்லை. அதனால் பென்சீனுக்கு முன்னால் ஓடிவிடும். அமெரிக்காவின் சாண்டா மோனிகா நகரம் 1996-இல் தன் குடிநீர்க் கிணறுகள் பலவற்றை மூட வேண்டிவந்தது இதனால்தான். இங்கே அது பின்னால் என்ன வரக்கூடும் என்பதற்கான முன்னறிவிப்பு.

அந்த வீட்டு அம்மாவிடம் முடிவைச் சொல்லும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். "இத்தனை நாளா இதைத்தானே குடிச்சோம், தம்பி?" என்றார். எதைக் கண்டோம், எதைக் காணவில்லை, பென்சீன் என்பது என்ன, ஏன் இன்றிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம் என்கிறோம் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மாற்றுக் குடிநீர் ஏற்பாடாகும்வரை நிர்வாகத்தை விடாமல் நச்சரித்தேன்.

வெளியே போட்ட கிணற்றுக்கும் அந்த வீட்டுக் கிணற்றுக்கும் இடையே கரைந்த ஆக்சிஜன் குறைந்து, கரைந்த இரும்பு கூடியிருந்தது. மண்ணின் நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்றுகொண்டிருப்பதன் அடையாளம் அது. நிர்வாகம் அதைப் பிடித்துக்கொண்டு, "தானாவே சரியாயிடும்ல?" என்று கேட்டது. கசிவின் ஊற்றுக்கண்ணில் எண்ணெய் இருக்கும்வரை நுண்ணுயிர்கள் தின்பதைவிட வேகமாகப் புதிதாகக் கரைந்து வரலாம் என்று விளக்கி, பழைய டேங்கைச் சுற்றியுள்ள மண்ணை அகற்றும் பரிந்துரையை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே வைத்தோம். மழைக்குப்பின் மறுபடி அளந்தபோது நீரோட்டத்தின் திசை சற்றே விலகியிருந்தது. அந்தப் பக்கமும் ஒரு கண்காணிப்புக் கிணறு வேண்டும் என்று கேட்டோம். இம்முறை யாரும் மறுக்கவில்லை.