41 பீட்டுகள்: செய்து பார்த்த அனுபவம்

ஒன்றரை வருடமாக ஹிப் ஹாப் பீட், அதாவது ராப்பர் பாடுவதற்கு அடியில் ஓடும் இசை, செய்து வருகிறேன். வேலை முடிந்து வந்து, இரவில் இரண்டு மணி நேரம், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு. முடித்தவை 41. பாதியில் நிற்பவை நூற்றுக்கு மேல். ஒவ்வொரு பீட்டையும் முடித்த அன்றே ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைத்துவிடுவேன்: வேகம், சுதி, எது சரியாக வந்தது, எது வரவில்லை. அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

1 முதல் 9 வரை

எஃப்எல் ஸ்டூடியோவில் தொடங்கினேன். 1997-ல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வந்த மென்பொருள் அது. ஒருமுறை வாங்கிவிட்டால் அடுத்தடுத்த பதிப்புகளுக்குத் திரும்பக் காசு கேட்பதில்லை. அதன் ஸ்டெப் சீக்வென்சரில், அதாவது அடிகளைக் கட்டங்களில் நிரப்பும் பகுதியில், ஒரு வரிசைக்கு 16 கட்டம். கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒரு வரிசை, ஸ்னேருக்கு (கணீரென்ற சிறிய டிரம்) ஒன்று, ஹை-ஹேட்டுக்கு (ஜோடித் தாளத்தட்டு) ஒன்று. முதல் நாளே தாளம் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த இரண்டு மாதமும் அடுக்கிக்கொண்டே போனேன். பியானோ, அதன் மேல் மணி, அதன் மேல் வயலின், இடையில் ஒரு புல்லாங்குழல். ஒன்பதாவது பீட்டில் 23 டிராக், அதாவது 23 தனித்தனி ஒலி வரிசை.

ராப் எழுதும் நண்பன் ஒருவனுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டான். தான் எழுதி வைத்திருந்த வரிகளை முணுமுணுத்துப் பார்த்தான். பிறகு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மச்சி. இதுல நான் எங்கடா நிக்கிறது?" என்றான்.

நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய் வந்ததுதான்.

அன்றே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு டிராக்காக மியூட் செய்தேன். பேச்சைத் தெளிவாகக் காட்டுகிற ஒலிகள் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கின்றன. என் மணியும் வயலினும் பியானோவின் வலக்கை ஸ்வரங்களும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தன. ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அந்தப் பகுதியைக் கொஞ்சம் குறைத்தால் போதும் என்று நினைத்தேன். போதவில்லை. மணி ஓய்வே எடுக்காமல் வாசித்துக்கொண்டிருந்தது. ராப்பர் மூச்சு வாங்கும் இடத்தில் பதில் சொல்கிற மெட்டு வேறு, அவர் வாய் திறக்கும்போதே கூடப் பேசுகிற மெட்டு வேறு. கடைசியில் மிஞ்சியவை டிரம்ஸ், பேஸ், நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), எட்டாவது பாரில் (ஒரு பார் என்பது நாலு எண்ணிக்கைத் தாளச் சுற்று) மட்டும் ஒரு மணி. அவன் உடனே தொடங்கிவிட்டான்.

10 முதல் 13 வரை: நடை

கட்டத்தில் அமுக்கிப் போட்ட தாளம் தட்டச்சு செய்ததுபோல் இருந்தது. ஸ்விங் என்ற குமிழ் எங்கேயோ இருக்கிறது என்று தெரியும். அது என்ன செய்கிறது என்று தெரியாமலே திருகிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

அந்தக் குமிழ் ரோஜர் லின் என்ற பொறியாளர் கொடுத்தது. 1980-ல் எல்எம்-1 டிரம் மெஷினையும், 1988-ல் அகாய் நிறுவனத்தோடு சேர்ந்து எம்பிசி60 என்ற, பேடுகளைத் தட்டி வாசிக்கிற பீட் கருவியையும் உருவாக்கியவர். ஒரு பாரின் பதினாறாம் பங்குகளை இரண்டிரண்டாக எடுத்து, ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவதை மட்டும் தாமதப்படுத்துவதுதான் ஸ்விங். 50 சதவீதம் என்றால் சரிபாதி, நம் சதுஸ்ர நடை. 66 சதவீதம் என்றால் முதலாவது மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது, அது திஸ்ரம். ஹிப் ஹாப்பின் அசைவு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 அடி) ஒரு ஜோடி 333 மில்லி விநாடி. 54 சதவீதம் வைத்தால் இரண்டாவது அடி 13 மில்லி விநாடி தள்ளி விழும், 58 வைத்தால் 27. தனியாக எடுத்துக் கேட்டால் 13 மில்லி விநாடியைக் காது தாமதமாகவே எண்ணாது. ஆனால் தலை ஆட ஆரம்பித்துவிடும். இதை எழுதும்போதும் எனக்கு அது ஆச்சரியமாகவே இருக்கிறது.

பிறகு ஜே டில்லா என்ற அமெரிக்க ஹிப் ஹாப் பீட் கலைஞரைக் கவனித்துக் கேட்டேன். க்வான்டைஸை (அடிகளைத் தானாகக் கட்டத்தில் ஒட்ட வைக்கும் வசதி) அணைத்துவிட்டு வாசித்தார் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். ஒரே பாட்டை இரண்டு வாரம் கேட்டபோது எனக்குத் தெரிந்தது வேறு: ஒவ்வொரு வாத்தியமும் தன் நேரத்தில் நடக்கிறது. ஹேட் ஒரு நடை, ஸ்னேர் கொஞ்சம் முந்தி, கிக் சோம்பலாகப் பிந்தி. தற்செயலான தடுமாற்றமாக இருந்தால் பாருக்குப் பார் மாறியிருக்கும். அது மாறவில்லை. அவர் 2006 பிப்ரவரியில் 32 வயதில் இறந்தார். அவருடைய எம்பிசி இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பீட் 12-ல் முயன்று பார்த்தேன். ஹேட்டுக்கு 57 சதவீதம், ஸ்னேரை 10 மில்லி விநாடி முன்னால் இழுத்தது, கிக்கை விரலால் பேடில் தட்டி அப்படியே விட்டது. அன்று இரவு அருமையாக இருந்தது, காலையில் நொண்டியது. கிக்கில் பாதி அடிகள் பிந்தி, பாதி முந்தி. ஒரே மாதிரி பிந்தும்படி 20 முறைக்கு மேல் திரும்பத் தட்டினேன். 13-ல்தான் அது கைக்கு வந்தது.

14 முதல் 18 வரை: 808

ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின் தயாரிப்பில் இருந்தது 1980 முதல் 1983 வரை மட்டுமே. இன்று 808 என்றால் பெரும்பாலும் அதன் கிக் ஒலியை நீட்டி, ஸ்வரம் கொடுத்து வாசிக்கிற பேஸ்தான்.

பீட் 14-ல் எதுவோ உறுத்தியது. ஒரு வாரம் மிக்ஸில் தேடினேன். கடைசியில் பார்த்தால் சுதி சேரவில்லை. சாம்பிளின் (பதிவு செய்து வைத்த ஒலித் துண்டு) பெயரில் சி என்று போட்டிருந்தது, உண்மையில் அது சி ஷார்ப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அவ்வளவு கீழான ஒலியில் சுதி விலகுவதைக் காது சட்டென்று பிடிக்காது. இப்போது எந்த 808-ஐ எடுத்தாலும் முதலில் இரண்டு ஸ்தாயி மேலே தூக்கி, டியூனரில் பார்த்துச் சேர்த்து, பிறகுதான் கீழே இறக்குகிறேன்.

அடுத்த சிக்கல் போன் ஸ்பீக்கர். எஃப் ஸ்வரத்தில் 808 வாசித்தால் அதன் அடிப்படை அதிர்வெண் சுமார் 44 ஹெர்ட்ஸ். போனில் அது வரவே வராது. கொஞ்சம் சாச்சுரேஷன் (மெல்லிய கரகரப்பு) சேர்த்தால் 87, 131, 175 என்று மேல் அதிர்வெண்கள் முளைக்கின்றன, அவற்றைக் கேட்டுக் காது கீழே இருப்பதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. அளவு மீறினால் அதே சாச்சுரேஷன் குரலின் அடிப்பகுதியில் போய் மோதும். அதனால் இப்போதெல்லாம் பழைய குரல் பதிவு ஒன்றை மேலே ஓட விட்டபடிதான் அந்தக் குமிழைத் தொடுகிறேன்.

19 முதல் 26 வரை: சாம்பிள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1987-ல் வந்த இ-மு எஸ்பி-1200 என்ற சாம்பிள் கருவியில் மொத்தமே 10 விநாடி ஒலியைத்தான் சேமிக்க முடியும். அதனால் நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45-ல் ஓட விட்டுப் பதிவு செய்து, உள்ளே மறுபடி மெதுவாக்கினார்கள். இடத்தை மிச்சப்படுத்தச் செய்த வேலை. ஆனால் ஒலியைக் கொஞ்சம் தோராயமாகவே பதிகிற அந்த 12-பிட் கருவி அந்த மெதுவாக்கலில் ஒரு கரகரப்பைச் சேர்த்தது, அந்தக் கரகரப்பே ஒரு காலகட்டத்தின் ஒலியாகிவிட்டது. மென்பொருளில் நானும் அதையே செய்தேன்: ஐந்து அரைஸ்வரம் மேலே தூக்கி, 26 கிலோஹெர்ட்ஸ், 12-பிட்டுக்கு இறக்கி, திரும்பக் கீழே கொண்டுவந்தேன். ஸ்னேர் கட்டைமேல் அடித்ததுபோல் வந்தது.

ஆனால் யாருடைய இசையை வெட்டுவது? ஒரு பதிவுக்குள் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒலிப்பதிவின் உரிமை ஒன்று, இசையமைப்பின் உரிமை இன்னொன்று. சாம்பிள் எடுத்தால் இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும். 1991-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒரு சாம்பிள் வழக்கில் கொடுத்த தீர்ப்பு "களவு செய்யாதிருப்பாயாக" என்ற விவிலியக் கட்டளையோடுதான் தொடங்குகிறது. 2005-ல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு விநாடி கிடார் துண்டுக்கும் உரிமம் வேண்டும் என்றது.

சட்டத்தைவிட என்னை நிறுத்தியது இன்னொரு விஷயம். 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் குழு பதிவு செய்த பாட்டில் கிரகரி கோல்மன் தனியாக வாசித்த நாலு பார் டிரம்ஸ், சுமார் ஏழு விநாடி நீளமானது, ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்காக ஒரு ராயல்டியும் பெறாமலே அவர் 2006-ல் இறந்தார். அதைப் படித்த இரவு நான் எதையும் வெட்டவில்லை.

பிறகு ஒரு வழி கிடைத்தது. நானே கீபோர்டில் எட்டு நிமிடம் மனம்போன போக்கில் வாசித்தேன். நாலைந்து இடத்தில் தப்பான ஸ்வரம். அதை அப்படியே ஒரு மாதம் தொடாமல் வைத்தேன். மறந்த பிறகு திறந்து, வேறு யாரோ வாசித்த பழைய தட்டைப்போல் கேட்டு, பிடித்த இரண்டு விநாடிகளை வெட்டினேன். பீட் 22 அப்படி வந்தது. வெட்டியவற்றில் மிக நன்றாக அமைந்த துண்டு, நான் தப்பாக அமுக்கிய ஒரு கார்டு.

ராயல்டி இல்லாத லூப் பேக்குகளையும் (திரும்பத் திரும்ப ஓட விடும் ஆயத்த இசைத் துண்டுகள்) முயன்றேன். அனுமதியில் சிக்கல் இல்லை. ஆனால் அதே லூப்பை இன்னும் எத்தனையோ பேர் எடுத்திருப்பார்கள், ஒருவருக்கு மட்டுமே உரிமை கொடுக்கிற பீட்டுக்கு அது உதவாது.

27 முதல் 36 வரை: கொடுக்கல் வாங்கல்

இங்கேதான் நிறைய நேரம் வீணானது. பெரிய கலைஞர் ஒருவரின் பெயரைப் போட்டு 'டைப் பீட்' என்று தலைப்பு வைத்தால் தேடுகிறவர்கள் வருவார்கள். ஆறு வாரம் அப்படிச் செய்தேன். வந்தவர்கள் அந்தக் கலைஞரைப்போலவே இருப்பதைத்தான் கேட்டார்கள், என் கை அதற்குள் காணாமல் போனது. நிறுத்திவிட்டு, நானே தேடிக் கேட்ட ராப்பர்களுக்கு, ஒவ்வொருவர் குரலையும் மனதில் வைத்து, ஆளுக்கு இரண்டு பீட் அனுப்பினேன். 14 பேருக்கு அனுப்பியதில் ஐந்து பேர் பதில் போட்டார்கள். முதல் லீஸ் அப்படித்தான் போனது.

லீஸ் என்றால் பீட்டைப் பயன்படுத்த உரிமம் கொடுப்பது, பீட் என்னிடமே இருக்கும். அதே பீட்டைப் பத்துப் பேருக்கும் கொடுக்கலாம். எம்பி3 மட்டும், வேவ் கோப்பு, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியான ஸ்டெம்ஸ் என்று படிப்படியாக விலை ஏறும். எத்தனை முறை கேட்கப்படலாம், எத்தனை வருடம் என்ற வரம்பையும் எழுத வேண்டும். எக்ஸ்க்ளூசிவ் கொடுத்துவிட்டால் அதன் பிறகு வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஆனால் ஏற்கனவே லீஸ் எடுத்தவர்களின் உரிமை அதனால் போய்விடாது, அதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

என் முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. லீஸ் எடுத்தவர் பாட்டை வெளியிடும்போது யூடியூபின் கன்டென்ட் ஐடி முறையிலும் பதிவு செய்துவிட்டார். அந்த முறை ஒலியை ஒப்பிட்டுப் பார்ப்பது. அடியில் இருப்பது அதே பீட் என்பதால், நான் ஏற்றியிருந்த மாதிரிக்கும், அதே பீட்டை லீஸ் எடுத்த இன்னொருவரின் பாட்டுக்கும் உரிமைக் கோரிக்கை வந்து நின்றது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நான்தான் எழுதியிருக்க வேண்டும். மூன்று வாரம் கடிதம் எழுதி எழுதிச் சரிசெய்தோம். இப்போது "பகிர்ந்த உரிமத்தில் எடுத்த பீட்டை ஒலி அடையாள முறைகளில் பதிவு செய்யக் கூடாது" என்பது என் ஒப்பந்தத்தின் மூன்றாவது வரி.

யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சீட்டையும் பாட்டு முடிந்த அன்றே எழுதி வாங்கிவிடுகிறேன். இசைக்குப் பாதி, வரிகளுக்குப் பாதி என்பதுதான் வழக்கம். 2019-ல் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலான பில்போர்ட் ஹாட் 100-ல் 19 வாரம் முதலிடத்தில் இருந்த லில் நாஸ் எக்ஸின் பாட்டு, பீட்ஸ்டார்ஸ் என்ற பீட் விற்கும் தளத்தில் 30 டாலருக்கு வாங்கிய பீட்டின் மேல் எழுதப்பட்டது. பீட் செய்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ. அதற்குள் நைன் இன்ச் நெய்ல்ஸ் இசைக்குழுவின் ஒரு சாம்பிள் இருந்தது, அதற்குரிய ட்ரெண்ட் ரெஸ்னரும் அட்டிகஸ் ராஸும் பாட்டின் ஆசிரியர்களாகப் பெயர் பெற்றார்கள். எந்தப் பீட் எங்கே போய்ச் சேரும் என்று செய்கிற அன்று யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லாப் பீட்டுக்கும் தாள் உண்டு, இலவசமாகக் கொடுத்ததற்கும்.

37 முதல் 41 வரை

ஸ்டெம்ஸ் அனுப்பும் முறையை ஒரு மிக்ஸிங் இன்ஜினியர் பொறுமையாகத் திருத்திக் கொடுத்தார். எல்லாக் கோப்பும் ஒரே இடத்தில், முதல் பாரில் தொடங்க வேண்டும். 24-பிட் வேவ். பெயரிலேயே பிபிஎம்மும் சுதியும். மாஸ்டரில், அதாவது எல்லா ஒலியும் சேரும் இடத்தில், உச்சத்தை அமுக்கும் லிமிட்டர் கூடாது. சத்தமாக இருந்தால்தான் எடுபடும் என்று நான் பீட்டை நசுக்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஸ்பாட்டிஃபை அதன் வழக்கமான அமைப்பில் எல்லாவற்றையும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. நசுக்கிய பீட்டின் மேல் குரல் மிதக்கும், உள்ளே போகாது. இப்போது உச்சத்தில் 6 டெசிபல் இடம் விட்டு அனுப்புகிறேன்.

பீட் 41 அந்த நண்பனுக்காகவே செய்தது. 87 பிபிஎம், ஹேட் 56 சதவீதம், எட்டு டிராக். சரணத்தின் ஏழாவது பாரில் டிரம்ஸ் முழுவதையும் எடுத்துவிட்டேன், பேஸ் மட்டும் ஒரு ஸ்வரம். அங்கே அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. பதிவின்போது அந்த இடம் வந்ததும் அவன் பாடவில்லை. மூச்சை இழுத்தான், அது மைக்கில் கேட்டது. எட்டாவது பாரில் கிக் திரும்பும்போது கூடவே நுழைந்தான். அந்த மூச்சை மிக்ஸில் வெட்டாமல் வைத்திருக்கிறோம்.

42 இப்போது திரையில் திறந்திருக்கிறது. 84 பிபிஎம், டி மைனர், பீட் 22-க்காக வாசித்த அதே எட்டு நிமிடத்திலிருந்து இன்னொரு துண்டு. ஸ்னேர் இன்னும் 4 மில்லி விநாடி முந்துகிறது என்று தோன்றுகிறது. நாளைக் காலையில் கேட்டுவிட்டு நோட்டில் எழுத வேண்டும்.