மஞ்சள் புத்தகம்

பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் இன்று காலை எனக்குத் தடுப்பூசி போட்டவர், சிறிய மஞ்சள் புத்தகத்தில் திகதியை எழுதிவிட்டு, பத்து நாட்கள் கழிந்த பின்னரே இது செல்லுபடியாகும் என்று ஒரு கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

உகண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்குத் தன்னார்வப் பயிற்சிக்குச் செல்ல மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கட்டாயம்.

முன்பு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்த இது, 2016 முதல் ஆயுள் முழுவதற்கும் செல்லும். என் கடவுச்சீட்டுக்குக்கூட அந்தக் கொடுப்பினை இல்லை.

அதே 2016 இல்தான் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆகையால் என் வயதுக் கொழும்புக்காரர்களுக்கு நுளம்பு என்றாலே பகலில் கடித்து டெங்கு தருவதுதான். இரவில் கடித்து மலேரியா தரும் நுளம்புக்காக மாத்திரையும் வலையும் வாங்குவது எனக்கு இதுவே முதல் தடவை.

"இஞ்ச இல்லாத காய்ச்சலைத் தேடியோ போறாய்?" என்று, வலையை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடியபடியே அம்மா கேட்டார்.

சற்று நேரம் பேசாமலிருந்தவர், அங்கும் நம் வீட்டிலுள்ளதைப் போன்ற மூன்று சதுர முனைப் பிளக்தானா என்று விசாரித்தார். அதேதான் என்றேன்.

சின்ன ரைஸ் குக்கர் உடனே பெட்டிக்குள் ஏறிவிட்டது.