சாவியும் ஷாவும்

லிஸ்பனுக்கு வந்த ஏழாவது மாதத்தில் போர்த்துகீசிய வகுப்பில் சேர்ந்தேன். நான்கு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் காலையில் நாலு மணி நேரம். 80 மணி நேரத்தில் ஏ1 என்கிற தொடக்க நிலையை முடித்தாக வேண்டும். வகுப்பு விட்டதும் வேலைக்கு ஓட்டம். படிப்பதெல்லாம் மெட்ரோவில்தான்.

முதல் வாரம் நோட்டில் இடது பக்கம் போர்த்துகீசியமும் வலது பக்கம் ஆங்கிலமும் எழுதினேன். காலையில் எழுதியது மறுநாள் நினைவில் இல்லை. எட்டாம் நாள் ஆசிரியை தன் சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டி "ஷாவ்" என்றார். அட, சாவி! மேசை, அலமாரி, ஜன்னல், துவாலை, பொத்தான் என்று அன்று வரிசையாக நம் வீட்டுச் சாமான்களாகவே வந்தன. எல்லாம் போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்த சொற்கள். பதினாறாம் நூற்றாண்டில் அவர்களும் சாவிக்கான சொல்லை ச் ஒலியோடுதான் உச்சரித்தார்கள்; ஷ ஆனது பிறகுதான். எங்கள் தூத்துக்குடித் தெருவில் மூன்று வீடு பெரைராக்கள். அந்தப் பெயருக்குப் பேரிக்காய் மரம் என்று பொருள் என்பதும் பழங்கள் பாடத்தில்தான் தெரிந்தது.

அன்று மாலையே ஆங்கிலத்தை அடித்துவிட்டு வலது பக்கம் தமிழ் எழுத ஆரம்பித்தேன்.

இரவல் சொற்களைவிடப் பெரிய உதவி இலக்கணத்தில் கிடைத்தது. ஆங்கிலத்தில் am, is என்று வரும் இடத்துக்கு இந்த மொழியில் இரண்டு வினை: செர், எஷ்தார். ஒன்று நிலையான தன்மைக்கு, மற்றது இப்போதைய நிலைமைக்கு என்று சொல்லித் தந்தார்கள். வகுப்பில் எல்லோரும் தடுமாறினோம். தமிழில் எழுதிப் பார்த்தேன். "நான் தமிழச்சி." வினையே இல்லை, அங்கே செர். "நான் களைப்பாக இருக்கிறேன்." 'இரு' என்ற வினை வருகிறது, அங்கே எஷ்தார். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. "அவள் அழகாக இருக்கிறாள்" என்பதற்கு அவர்கள் செர்தான் போடுவார்கள். ஆனாலும் பத்து வாக்கியத்தில் ஏழு எட்டு சரியாக வந்தது. அப்புறம் 'ஃபாலு' என்றாலே 'பேசுகிறேன்'. நான் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். வினையின் வாலிலேயே ஆள் இருப்பது நமக்குப் பழகிய விஷயம்தானே. ஆங்கிலத்தை நடுவில் வைத்திருந்தவரை இது எதுவும் கண்ணில் படவில்லை.

காதுதான் கடைசிவரை படுத்தியது. லிஸ்பன்காரர்கள் உயிரெழுத்துகளை விழுங்கிவிடுகிறார்கள். மெட்ரோ அறிவிப்பில் வரும் 'எஷ்தஸாவ்ங்' (நிலையம்) என் காதில் 'ஷ்தஸா' என்றே விழும். ரொட்டிக்கான சொல்லில் மூக்கொலி வராவிட்டால் 'பாவ்' ஆகிவிடும், அது மரக்கட்டை. பேக்கரியில் ஒரு வாரம் விரலால் காட்டித்தான் ரொட்டி வாங்கினேன். கொழும்பில் கடை வைத்திருந்த பெரியப்பா ரொட்டியைப் பாண் என்பார். அந்த ண் நினைவுக்கு வந்த பிறகுதான் மூக்கை எங்கே சேர்ப்பது என்று பிடிபட்டது.

கிழமைகளில் ஒரு நாள் நன்றாகவே சறுக்கினேன். செவ்வாய், புதன் என்று கோள்களின் பெயரெல்லாம் இங்கே கிடையாது. திங்கள் 'இரண்டாவது', செவ்வாய் 'மூன்றாவது' என்று வெள்ளி வரை எண்கள்தான். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வீட்டுக்கார அம்மா 'கின்த்த ஃபைரா' வரச் சொன்னார். கின்த்த என்றால் ஐந்தாவது. திங்களிலிருந்து எண்ணி வெள்ளிக்கிழமை போய் நின்றேன். எண்ணிக்கை ஞாயிறிலிருந்து தொடங்குகிறது; அவர் வியாழன் முழுக்கக் காத்திருந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை அன்று ஒரே தடவையில் கற்றுக்கொண்டேன்.

1554-இல் இதே லிஸ்பனில் ஒரு சிறிய ஜெப நூல் அச்சானது. தமிழும் போர்த்துகீசியமும் கலந்த நூல். தமிழையும் ரோமன் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பற்றிப் படித்தபோது மடியில் என் நோட்டு திறந்திருந்தது. அதில் போர்த்துகீசியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வு போன வாரம் முடிந்தது, தேறிவிட்டேன். அடுத்த நிலை தொடங்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் முதல் வாரத்துப் பக்கங்களையும் தமிழில் எழுதிவிட வேண்டும். நேற்றுவரை பதினோரு பக்கம் முடிந்திருக்கிறது.