மேன் தீவில் ஒரு வாரம்: தேதி அமைந்தது, பயணமும் அமைந்தது

ஜூன் முதல் வாரத்துக்கு, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் ஐல் ஆஃப் மேனில், அதாவது மேன் தீவில், தங்க ஒரு இடம் வேண்டும் என்று மூன்று இரவுகள் தேடினேன். தலைநகர் டக்ளஸில் ஒன்றும் இல்லை. மற்ற ஊர்களில் கிடைத்த ஒன்றிரண்டும் கையைச் சுடும் விலை. காரோடு போகக் கப்பலிலும் இடமில்லை. மொத்தமே 84,000 பேர் வாழ்கிற தீவு அது. இவ்வளவு கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் இருந்தபோது, அலுவலகத்தில் ஒருவர் விளக்கினார்: அது டிடி மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும் நேரம்.

1907இல் தொடங்கிய பந்தயம். தனி மைதானம் கிடையாது. மக்கள் தினமும் போய்வருகிற சாலைகளையே மூடி, சுமார் 60 கிலோமீட்டர் சுற்றில் வண்டிகளை விடுகிறார்கள். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலுமாக இரண்டு வாரம் தீவு முழுக்க அதுதான். ஆகஸ்டிலும் மாங்ஸ் கிராண்ட் பிரீ என்று இன்னொரு பந்தயம் உண்டு. பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வருடம் முன்பே ஏற்பாட்டைத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்காகப் போகாதவர்கள் இந்த இரண்டு காலத்தையும் காலண்டரில் முதலில் அடித்துவிட வேண்டும். மற்ற வேலையெல்லாம் அதற்கப்புறம்தான்.

நாங்கள் மான்செஸ்டரில் இருக்கிறோம். மதுரையிலிருந்து அம்மா மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். முப்பது வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டனெல்லாம் போதும், கடலோரமாக அமைதியான ஒரு ஊருக்குக் கூட்டிப்போ என்றார். எனக்கு மேன் தீவு நினைவுக்கு வந்ததற்குக் காரணம் கடல் மட்டும் இல்லை, அந்தத் தீவின் மொழி. மாங்ஸ் என்று பெயர். ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக் ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தில் பிறந்த கெல்டிக் மொழி. அதைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்த கடைசி மனிதர் நெட் மேட்ரல் 1974 டிசம்பரில் இறந்தார். ஆனால் அதோடு முடியவில்லை. அவரைப் போன்ற முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டவர்கள், அவர்களின் பேச்சைப் பதிவு செய்து வைத்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். 2001இல் மாங்ஸ் வழியிலேயே பாடம் நடத்தும் ஆரம்பப் பள்ளி ஒன்று தொடங்கியது. 2009இல் யுனெஸ்கோ இந்த மொழியை அழிந்துபோனவற்றின் பட்டியலில் சேர்த்தபோது, அந்தப் பள்ளிப் பிள்ளைகள், எங்கள் மொழி அழிந்துவிட்டதென்றால் நாங்கள் இப்போது எழுதுகிற இந்த மொழி எது என்று கேட்டுக் கடிதம் எழுதினார்கள். யுனெஸ்கோ தன் பட்டியலை மாற்றியது.

இதைச் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த மொழியைக் காதால கேக்கணும்டி. அதுக்கு ஏற்பாடு பண்ணு," என்றார். அத்தோடு எங்கள் தேதி முடிவாகிவிட்டது: ஜூலை 5.

அன்று தீவின் தேசிய நாள். பாராளுமன்றத்தின் பெயர் டின்வால்ட். வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல், ‘கூடும் வெளி’ என்று பொருள். ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து கூடுகிறது என்று தீவுக்காரர்கள் சொல்கிறார்கள். 1979இல் ஆயிரமாவது ஆண்டு விழாவே எடுத்தார்கள். வருடம் ஒருமுறை செயின்ட் ஜான்ஸ் என்ற சிற்றூரில், நான்கு அடுக்காக எழுப்பிய புல் மேட்டின் மேல் அந்த மன்றம் திறந்தவெளியில் அமர்கிறது. அந்த ஆண்டு இயற்றிய சட்டங்களை ஆங்கிலத்திலும் மாங்ஸிலும் மக்கள் முன் அறிவிக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் நின்று கேட்கலாம். குறை உள்ளவர்கள் மேட்டின் அடியில் மனுவே கொடுக்கலாம். ஜூலை 5 சனி, ஞாயிறில் வந்தால் விழா பெரும்பாலும் திங்கள்கிழமைக்குத் தள்ளிப்போகும். அதனால் டிக்கெட் எடுக்கும் முன் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, தேதி கிடைத்தது. அடுத்தது விசா. மேன் தீவு பிரிட்டனின் பகுதி இல்லை. மன்னருக்குக் கட்டுப்பட்ட, தனக்கென்று சட்டமும் வரியும் உள்ள நிலம். வேறு விசா வேண்டுமோ என்று எனக்குப் பயம். வேண்டியதில்லை. தீவும் பிரிட்டனும் ஒரே பொதுப் பயணப் பகுதிக்குள் இருப்பதால், அம்மாவின் பிரிட்டன் விசாவே போதும். பாஸ்போர்ட்டை மட்டும் கையோடு வைத்துக்கொண்டோம். ஆனால் வேறு சிலவற்றில் ‘இது வேறு நாடு’ என்று நினைத்துத் தயாராவதுதான் நல்லது. அம்மாவின் பயணக் காப்பீடு பிரிட்டனுக்கு என்று எடுத்தது. அதில் இந்தத் தீவும் சேருமா என்று போன் செய்து கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டேன். பிரிட்டன் சிம் வைத்திருந்தாலும் சில நிறுவனங்கள் தீவில் ரோமிங் கட்டணம் போடும். அதையும் முன்பே பார்த்தோம்.

பணம் பற்றி ஒரு விஷயம். தீவு தன் பவுண்டைத் தானே அச்சடிக்கிறது. மதிப்பு பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமம். பிரிட்டிஷ் நோட்டு அங்கே செல்லும், அவர்கள் நோட்டைத் திரும்பி வந்தபின் இங்கே கடையில் வாங்க மாட்டார்கள். ஒரு பவுண்டு நோட்டு இன்னும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. மீதிச் சில்லறையாக அது வந்துகொண்டே இருக்கும். கடைசி நாளுக்குள் செலவழித்துவிட வேண்டும்.

கப்பலுக்கு இரண்டு வழி இருந்தது. லிவர்பூலிலிருந்து கோடையில் ஓடுகிற வேகப் படகு, மூன்று மணி நேரத்துக்குள் போய்விடும். மனானன் என்று பெயர், தீவின் பழைய கடல் தெய்வத்தின் பெயர். இன்னொன்று, ஹீஷம் துறைமுகத்திலிருந்து போகும் பெரிய கப்பல், மூன்றே முக்கால் மணி நேரம். அலை கூடினால் வேகப் படகு அதிகம் ஆடும் என்றார்கள். அம்மாவுக்கு பஸ்ஸிலேயே வயிற்றைப் புரட்டும். அதனால் ஒரு மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை என்று ஹீஷம் கப்பலை எடுத்தோம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். அம்மா வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் மகனோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டே வந்தார்.

தங்கும் இடத்தில்தான் அடி வாங்கினோம். பீல் என்ற மேற்குக் கரை ஊரில், சமையலறையோடு ஒரு சின்ன வீடு பதிவு செய்திருந்தேன். கிளம்புவதற்குப் பதினெட்டு நாள் முன்பு, வீட்டுக்காரர் ரத்து செய்துவிட்டதாக ஒரே வரியில் மின்னஞ்சல். காரணம் இல்லை. பணம் திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை இன்னொரு இடத்துக்கு முன்பணம் கட்டக் கையில் காசைத் திரட்ட வேண்டியிருந்தது. விழா வாரத்தில் இடம் கிடைப்பது லேசு இல்லை. நான் இணையத்தை விட்டுவிட்டு, பீலில் இருந்த விடுதிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டேன். ஆறாவது அழைப்பில் ஒரு பெண்மணி, தன்னிடம் இடமில்லை, தன் அண்டை வீட்டுக்காரர் மாடியை வாடகைக்கு விடுவார் என்று எண் கொடுத்தார். நாங்கள் தங்கியது அங்கேதான். சின்னத் தீவில் ஒருவருக்கு ஒருவர் தெரிந்திருக்கிறது. குரல் கொடுத்துக் கேட்டால் வழி பிறக்கிறது.

சமையலறை வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் அம்மா சைவம். பீல் ஹெரிங் மீனைப் புகை போட்டுச் செய்யும் கிப்பருக்குப் பெயர் பெற்ற ஊர், தெருவிலேயே அந்த வாசம் வரும். தீவுக்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் இன்னொன்று, வறுத்த உருளைக்கிழங்கின் மேல் சீஸும் குழம்பும் ஊற்றித் தருவது. பார்க்கச் சைவம் போல இருக்கும், குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது. கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். நாங்கள் அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டோம். பானக் என்று அவர்கள் சுடும் ரொட்டி அம்மாவுக்குப் பிடித்துப்போனது. தினமும் காலையில் அதுதான்.

காரைக் கொண்டுபோயும் பாதி நாள் அதை எடுக்கவில்லை. பஸ்ஸுக்கும் பழைய ரயில்களுக்கும் சேர்த்துச் சில நாளுக்கு ஒரே பாஸ் கிடைக்கிறது, அதை வாங்கினோம். டக்ளஸிலிருந்து தெற்கே போர்ட் எரின் வரை 1874 முதல் ஓடுகிற நீராவி ரயில். வடக்கே ராம்சி வரை கடலோரமாகப் போகும் மின்சார டிராம். இடையில் லாக்ஸியில் இறங்கினால், 621 மீட்டர் உயரமுள்ள ஸ்னேஃபெல் மலை உச்சிக்கு 1895இல் போட்ட மலை ரயில். இவை குளிர்காலத்தில் நின்றுவிடும். ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில் போவதுதான் சரி.

ஸ்னேஃபெல் உச்சியிலிருந்து ஏழு ராஜ்யங்கள் தெரியும் என்பார்கள்: மேன், இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், கடல், வானுலகம். நாங்கள் போன அன்று பனிமூட்டத்தில் பக்கத்தில் இருந்த கம்பிகூடத் தெரியவில்லை. அந்த மூட்டத்துக்கு மனானனின் போர்வை என்று பெயர். எதிரிகள் வரும்போது அந்தத் தெய்வம் தீவை மூடி மறைத்துக் காப்பாற்றுமாம். மகனுக்கு ஏமாற்றம். நான் திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விட்டு வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து வானம் வெளுத்ததும் மறுபடி ஏறினோம். வானுலகம் தவிர மற்றதெல்லாம் தெரிந்தது. காலியாக விட்ட அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் நாங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டோம்.

லாக்ஸியில் 1854இல் கட்டிய பெரிய நீர்ச்சக்கரம் இருக்கிறது, 22 மீட்டர் விட்டம், ஈயச் சுரங்கத்தில் ஊறிய தண்ணீரை இறைக்க வைத்தது. பீல் கோட்டையும் காசில்டவுன் கோட்டையும் பார்த்தோம். எனக்கு இவற்றையெல்லாம் விட மனதில் நிற்பது கற்சிலுவைகள்தான். ஊர்த் தேவாலயங்களுக்குள்ளே, காவலோ கூட்டமோ இல்லாமல், ஆயிரம் வருடத்துக் கல் நிற்கிறது. கிர்க் மைக்கேலில் உள்ள ஒன்றில், கௌட் என்ற சிற்பி இதையும் மேன் தீவின் எல்லாச் சிலுவைகளையும் தானே செய்ததாக ரூனிக் எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறான். பின்னல் வேலைப்பாடு, வைக்கிங் எழுத்து, கிறிஸ்தவச் சிலுவை மூன்றும் ஒரே கல்லில். அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கல்வெட்டைக் கண்டால் அவரை நகர்த்த முடியாது. அந்த ஊருக்கு நான் ஒதுக்கியிருந்தது அரை மணி நேரம், ஆனது இரண்டு மணி நேரம்.

டக்ளஸிலிருந்து காசில்டவுன் போகும் வழியில் தேவதைப் பாலம் என்று ஒரு சின்னப் பாலம். கடக்கும்போது அங்கே வாழும் சிறிய மக்களுக்கு வணக்கம் சொல்லாமல் போகக் கூடாது. நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் எங்களை அனுப்பும்போதே அதை நினைவூட்டினார். எலியை எலி என்று சொல்லக் கூடாது, ‘நீள வால்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அம்மாவுக்கு அது புதிதாகவே படவில்லை. "நாமளும் ராத்திரியில பாம்பைப் பூச்சின்னுதானே சொல்றோம்," என்றார். பாலத்தில் நாங்கள் நான்கு பேரும் வணக்கம் சொன்னோம், தமிழில்தான்.

விழா நாள் அரசு விடுமுறை. செயின்ட் ஜான்ஸ் பீலிலிருந்து பக்கம்தான் என்றாலும், கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம் என்று காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டோம். மடக்கு நாற்காலி ஒன்றும் மழைக்கோட்டும் கொண்டுபோனது நல்லதாயிற்று. தேவாலயத்திலிருந்து மேடு வரை நடைபாதையில் கோரைப்புல் பரப்பியிருந்தார்கள். பழைய காலத்தில் மனானனுக்கு வரியாகக் கட்டியது கோரைதான் என்பது கதை. நடந்து வந்தவர்கள் சட்டையில் ஒரு இலைக்கொத்தைச் செருகியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான பெண்மணி தன்னுடையதிலிருந்து ஒரு கிள்ளு கிள்ளி அம்மாவிடம் கொடுத்தார். பொலன் பேன் என்று பெயர், தீயதை அண்டவிடாதாம். அம்மா கசக்கி மோந்து பார்த்தார். "மரிக்கொழுந்துக்குச் சொந்தம் மாதிரி இருக்குடி," என்றார். அப்புறம் தேடிப் பார்த்தேன். உண்மைதான், இரண்டும் ஒரே பேரினத்துச் செடிகள்.

மேட்டின் மேலிருந்து முதலில் ஆங்கிலத்தில் வாசித்தார்கள். பிறகு மாங்ஸ். சட்டங்களின் பெயர்தான், வேறொன்றும் இல்லை. ஒரு சொல்கூட எங்களுக்குப் புரியவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

முடிந்ததும் அந்தப் பெண்மணியிடம், நன்றி என்று உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். நெருக்கமான ஒருவருக்கு ஒரு சொல், பலருக்கோ மரியாதைக்கு உரியவருக்கோ இன்னொரு சொல் என்றார் அவர். நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அம்மா, "நீ, நீங்க மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு மரியாதைச் சொல்லையே சொன்னார்: "குர மை யூ."