சிறு குழுவுக்கு ஏற்ற கிட் சேவையகம்

ஐந்தாறு பேர் மட்டும் நிரல் எழுதும் குழு, கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) களஞ்சியங்களை நிர்வகிக்கும் கிட்லேப் போன்ற பெரிய மென்பொருளைத் தன் சேவையகத்தில் நிறுவுவது தேவைக்கு மிஞ்சிய சுமை என்பதே என் கருத்து. அதற்குப் பல ஜிகாபைட் நினைவகம் வேண்டும். களஞ்சியங்கள் (நிரலும் அதன் வரலாறும் இருக்குமிடம்), குறைப் பதிவுகள், புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும்படி கேட்கும் கோரிக்கை) ஆகியவை மட்டும் போதுமென்றால், ஒரு ஜிகாபைட் நினைவகம் கொண்ட எளிய லினக்ஸ் சேவையகத்திலேயே கிட்டீ, ஃபோர்ஜேயோ என்ற இலகுவான மென்பொருள்களில் ஒன்று தாராளமாக ஓடும். (இருவர் மட்டுமே இருந்தால் இதுகூட வேண்டாம், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணையும் முறை) வழியாக அணுகும் வெறும் கிட் களஞ்சியமே போதும்.)

கிட்டீயும் ஃபோர்ஜேயோவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கோ என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட காக்ஸ் என்ற திட்டத்தின் பராமரிப்பு ஒருவர் கையிலேயே இருந்ததால், பங்களிப்பாளர்கள் 2016ஆம் ஆண்டின் இறுதியில் பிரிந்து கிட்டீயைத் தொடங்கினார்கள். 2022இல் கிட்டீயின் பெயரும் இணைய முகவரியும் ஒரு வணிக நிறுவனத்தின் வசம் சென்றதை ஏற்காதவர்கள், பெர்லினிலுள்ள கோட்பெர்க் என்ற இலாப நோக்கற்ற சங்கத்தின் ஆதரவில் ஃபோர்ஜேயோவை உருவாக்கினார்கள். 2024இல் இரண்டின் நிரலும் முற்றிலும் தனித்தனி வழியில் பிரிந்தன. கிட்டீ 1.22 வரையிலான பதிப்புகளிலிருந்து ஃபோர்ஜேயோவுக்கு நேரடியாக மாற முடிந்தது, 1.23க்குப் பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆகவே எது வேண்டும் என்பதை நிறுவும் முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது. நிர்வாகம் சமூகத்திடமே இருப்பதால் நான் ஃபோர்ஜேயோவையே பரிந்துரைப்பேன்.

நிறுவுவதில் பெரிய சிரமமில்லை. ஒரே ஒரு இயங்கு கோப்பு, தரவுக்கு எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்), முன்னால் இணையக் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் எஞ்சின்எக்ஸ் அல்லது கேடி. புதிய பயனர் பதிவை மட்டும் உடனே மூடிவிட வேண்டும். இல்லையெனில் விளம்பரக் கணக்குகள் குவிந்துவிடும். உள்நுழைந்தவர்களுக்கு மட்டுமே பக்கங்கள் தெரியும்படி அமைப்பதும் நன்று. கமிட் (பதிந்த மாற்றம்) ஒவ்வொன்றையும் தேடித் துழாவும் தானியங்கி வலைநிரல்கள் சிறிய சேவையகத்தைத் திணறடித்துவிடும்.

உண்மையான வேலை காப்புநகலில்தான் இருக்கிறது. ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருப்பதால் காப்புநகலே தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நிரலைப் பொறுத்தவரை அது பெருமளவு சரியே. ஆனால் குறைப் பதிவுகளும், நிரலைச் சரிபார்த்தபோது நடந்த விவாதங்களும், பயனர்களின் சாவிகளும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. இணைப்புக் கோப்புகளும் எல்எஃப்எஸ் என்ற முறையில் தனியே வைக்கப்படும் பெரிய கோப்புகளும் தனி அடைவுகளில் இருக்கின்றன. சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்கியூலைட் கோப்பை அப்படியே நகலெடுத்தால் அது சிதைந்த நகலாக அமையக்கூடும் என்பதால், சேவையைச் சற்று நிறுத்திவிட்டு எடுப்பதே பாதுகாப்பானது. அமைப்புக் கோப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அதிலுள்ள இரகசியச் சாவி தொலைந்தால், இருபடிச் சரிபார்ப்புக்காக மறையாக்கிச் சேமித்த விவரங்களைத் திரும்பப் படிக்க இயலாது.

இவற்றையெல்லாம் ஒரே தொகுப்பாக்கித் தரும் கட்டளை உண்டு; அதை விரித்து மீட்டமைக்கும் கட்டளைதான் இல்லை. கோப்புகளை உரிய இடங்களில் நாமே வைத்து, உரிமைகளைச் சரிசெய்து, அடைவின் பாதை மாறியிருந்தால் கிட் ஹூக்குகளையும் (மாற்றம் வந்துசேரும்போது தானாக ஓடும் சிறு நிரல்கள்) புதிதாக உருவாக்க வேண்டும். குழுவில் இருவராவது இதை வேறொரு கணினியில் முன்கூட்டியே செய்து பார்த்து, படிகளை எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பை அதே சேவையகத்தின் விக்கியில் மட்டும் வைக்க வேண்டாம்.