ஃபிரெட்போர்டு மாற்றிய பின் வளைந்த கிட்டார் கழுத்து

கிட்டார் கழுத்தின் மேல் விரல் பதிக்கும் பலகையான பழைய ஃபிரெட்போர்டை எடுத்துவிட்டுப் புதிய ஈட்டி மரப் பலகையை ஒட்டி, மறுநாள் கிளாம்ப்களைக் கழற்றி இரும்பு நேர்கோலை வைத்தபோது, அது கழுத்தின் நடுவில் மட்டும் தொட்டது. இரு முனைகளிலும் வெளிச்சம் தெரிந்தது. கழுத்து பின்பக்கமாக வளைந்திருந்தது. கிட்டார் செய்வோர் உலகெங்கும் விரும்பிக் கேட்கும் இந்த ஈட்டி நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. அதன்மீது பழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காரணம் பசையில் இருக்கும் தண்ணீர்தான். மரம் நார்ப்போக்கில் மிகக் குறைவாகவே நீளும் என்றாலும், ஏறத்தாழ 45 செ.மீ. நீளமுள்ள ஒட்டுப்பரப்பு முழுவதும் ஈரம் ஏறி, அடிப்பக்கம் உலர்ந்தே இருக்கும்போது, அந்தச் சிறு நீட்சியே கழுத்தை வளைக்கப் போதுமானது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடு இதற்கு உதவாது. கிப்சன் நிறுவனம் 1920களில் கொண்டுவந்த ஒருவழி ராடு, தந்திகள் முன்னோக்கி இழுப்பதை எதிர்ப்பதற்கானது. அதை முறுக்கினால் பின்வளைவு கூடும். ஆகவே அதன் நட்டை முழுவதுமாகத் தளர்த்திவிட்டு, காற்றோட்டமான இடத்தில் சில வாரங்கள் கழுத்தை அப்படியே விட்டுவைத்தேன். ஈரம் வெளியேறியதும் வளைவில் பெரும்பகுதி தானாகவே குறைந்தது. உடனே இழைப்புளியை எடுப்பவர்கள் இங்கேதான் நல்ல பலகையை வீணாக்குகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

எஞ்சிய வளைவுக்கு வெப்பம் தேவைப்பட்டது. ஃபிரெட்போர்டின் மேல் கனமான இரும்புச் சட்டத்தை வைத்து, நடுவில் மட்டும் ஒரு மரத்துண்டைச் செருகி, இரு முனைகளையும் சட்டத்தை நோக்கிக் கிளாம்பால் இறுக்கிச் சூடேற்றினேன். மஞ்சள் மரப்பசை 70 டிகிரி செல்சியசுக்கு அருகில் இளகும். அப்போது பலகையும் கழுத்தும் ஒன்றன்மீது ஒன்று மயிரிழை அளவு நழுவி, புதிய வடிவில் இறுகிக்கொள்ளும். முழுவதும் ஆறும்வரை கிளாம்பைத் தொடக்கூடாது. விட்டதும் மரம் சற்றே திரும்பும் என்பதால், நேர்நிலையைக் கொஞ்சம் தாண்டியே வளைக்க வேண்டும்.

ஃபிரெட் எனும் உலோகக் கம்பிகளை அடிப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். பள்ளங்கள் குறுகலாக இருந்தால் ஒவ்வொரு ஃபிரெட் கம்பியும் ஆப்புப்போல் மரத்தைப் பிளந்து தள்ள, இருபது கம்பிகளும் சேர்ந்து மீண்டும் அதே பின்வளைவை உண்டாக்கும். அதனால் பள்ளங்களைச் சற்று அகலப்படுத்தி, கம்பிகளைப் பசையிட்டுப் பதித்தேன். 12 எண் தந்திகளின் (மிக மெல்லியது 0.012 அங்குலம்) எழுபது கிலோவுக்கும் மேலான இழுவிசை ஏறியபின், ஏழாவது ஃபிரெட்டில் முன்வளைவின் இடைவெளி 0.2 மி.மீ.; டிரஸ் ராடு இன்னும் தளர்ந்தே இருக்கிறது. அடுத்த கழுத்துக்குத் தண்ணீரே இல்லாத எபாக்சியை வாங்கி வைத்திருக்கிறேன்.