கொலையாளி மட்டுமே பேசும் பாடம்

கல்லூரியில் விக்டோரியா காலக் கவிதையை நடத்தும்போது நான் மிகுந்த கவனத்துடன் அணுகுவது ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கின் நாடகத் தனிமொழிகளை. ஒருவன் பேசுகிறான், எதிரில் இருப்பவர் வாய் திறப்பதில்லை, கவிஞரும் குறுக்கிடுவதில்லை என்று இலக்கணம் சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் பேசுபவன் கொலையாளியாக இருக்கையில் நமக்குக் கிடைக்கும் ஒரே சாட்சியம் அவனுடையதுதான். அந்தச் சாட்சியத்துக்குள்ளிருந்தே கொல்லப்பட்ட பெண்ணை மாணவர்கள் கண்டெடுக்கும்படி செய்வதே என் பணி என்று கருதுகிறேன்.

1836இல் வெளியான 'போர்ஃபீரியாஸ் லவர்' (போர்ஃபீரியாவின் காதலன்) கவிதையை, 1842இல் பித்தர் விடுதி அறைகள் என்று பொருள்படும் பொதுத் தலைப்பின் கீழ் பிரௌனிங் சேர்த்தார். இதைச் சொன்னதும், கவிதையில் பேசும் காதலன் பைத்தியம் என்று தீர்ப்பளித்துவிட்டு வகுப்பு நிம்மதியடையும். அப்போது நான் வினைச்சொற்களை அடிக்கோடிடச் சொல்வேன். புயல் இரவில் உள்ளே வந்த போர்ஃபீரியாதான் குளிரை வெளியே நிறுத்துகிறாள், கணப்பை மூட்டுகிறாள், நனைந்த மேலங்கியைக் களைகிறாள், அவனை அழைக்கிறாள். பதில் வராதபோது அவன் கையை எடுத்துத் தன் இடையில் தானே வைத்துக்கொள்கிறாள். அவள் நுழைந்தது முதல் ஏறக்குறையப் பாதிக் கவிதை வரை செயல்களெல்லாம் அவளுடையவை. அவள் தன்னை வழிபடுகிறாள் என்று அறிந்த கணத்தில் அவன் செயலில் இறங்குகிறான். அவள் கூந்தலையே அவள் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி நெரிக்கிறான். முன்பு அவள் தோளில் அவன் கன்னம் சாய்ந்திருந்தது. இப்போது அவன் தோளில் அவள் தலை. அவளுக்கு வலிக்கவே இல்லை என்று யாரும் கேட்காமலே இருமுறை சொல்கிறான். அந்த வரியை உரக்க வாசிக்கும்போது வகுப்பில் யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை.

தன் முந்தைய மனைவியின் ஓவியத்தைக் காட்டி ஒரு கோமகன் பேசும் 'மை லாஸ்ட் டச்சஸ்' இதைவிடக் கடினமான பாடம். 1561இல் 16 வயதில் இறந்த லுக்ரேசியா தே மெதிச்சியும், அவளுடைய கணவனும் இத்தாலியின் ஃபெராரா நகரக் கோமகனுமான இரண்டாம் அல்ஃபோன்சோவும் இக்கவிதையின் பின்னணியில் இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கவிதையில் கோமகன் மனைவிமேல் சுமத்தும் குற்றங்கள் என்ன? மாலைச் சூரியன், யாரோ ஒடித்துத் தந்த செர்ரிக் கிளை, அவள் ஏறிவரும் வெள்ளைக் கோவேறு கழுதை ஆகியவற்றுக்கும், தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுள்ள தன் குலப்பெயருக்கும் அவள் ஒரே மகிழ்ச்சியைக் காட்டினாள் என்பதுதான். அவன் ஆணையிட்டான், புன்னகைகள் நின்றன. இப்போது அவள் ஓவியத்தை மூடிய திரையை விலக்கும் உரிமை அவனுக்கு மட்டுமே உண்டு. மணமான பெண்ணின் உடைமை பெரும்பாலும் கணவன் வசமே சேர்ந்த இங்கிலாந்தில், மணமான பெண்களுக்குச் சொத்துரிமை தந்த 1870, 1882 ஆண்டுகளின் சட்டங்களுக்கு வெகுமுன்பே இது எழுதப்பட்டது என்பதையும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

மாணவர்கள் இதை வரிக்கு வரி நிறுத்தியே வாசிப்பார்கள். நிறுத்தற்குறி வரும்வரை நிறுத்தாமல் வாசிக்கப் பழக்கினால், 56 வரிகளிலும் ஓடும் இயைபு காதில் விழாமல் அடங்கி, விருந்தினரிடம் பேசும் பண்பட்ட குரல் மேலெழுகிறது. கொலைக்கான ஆணையும் அதே குரலில், ஏற்ற இறக்கமின்றி வருகிறது. கூந்தலால் நெரித்தவனைவிட இவனே எனக்குக் கொடியவனாகப் படுகிறான்.

கேட்டுக்கொண்டிருப்பவர், அடுத்த திருமணத்துக்காக ஒரு பிரபுவிடமிருந்து வந்த தூதர். அவர் ஊர் திரும்பித் தம் தலைவரிடம் என்ன சொல்லியிருப்பார் என்று உள்மதிப்பீட்டுத் தேர்வில் எழுதச் சொல்வது என் வழக்கம். பெண்ணை அனுப்ப வேண்டாம் என்று அவர் மன்றாடுவதாகச் சிலர் எழுதுகிறார்கள். பெரும்பாலான விடைத்தாள்களில் அவர் ஓவியத்தைப் பற்றி மூச்சே விடாமல், கோமகன் கேட்ட வரதட்சணையை மட்டும் தெரிவிக்கிறார்.